காப்பு அறுக்கும் நாள்

குலசை முத்தாரம்மன் தசராவுக்கு மாலை போடப் போகிறேன் என்று சங்கரபாண்டியன் சொன்னதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அக்கா இசக்கிசெல்வி மட்டும் அவன் முதுகைப் பார்த்தாள். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றிருந்தான். தோள்பட்டைக்குக் கீழே பெல்ட் விழுந்த தடங்கள் கறுத்துத் தடித்துக் கிடந்தன. அம்மா முத்துக்கனி அதைக் காணவில்லை. அவள் சாமி படத்தின் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல எம்பிள்ளை மனசுல அம்மன் தானா வந்து உக்காந்துட்டா, பாத்தியளா?" என்றாள் புருஷனிடம்.

அப்பா விஜயராஜுக்கு மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை. கடை திறக்கிற அவசரத்திலும் நின்று மகனின் தலையில் கைவைத்தார். "என்ன வேஷம்ல கட்டப்போற?"

"காளி வேஷம்பா."

"காளியா? மத்த வேஷம்னா கொஞ்ச நாள் விரதம் இருந்தாப் போதும். காளி கட்டணும்னா ஒரு மண்டலத்துக்கு மேல இருக்கணும்லே. ஒருவேளைச் சோறு, வெறுந்தரை, செருப்பு கூடாது. தாங்குவியா?"

"எத்தன நாள் இருக்கலாமோ அத்தன நாளும் இருக்கேன்பா."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாள் கிடைக்குமோ அத்தனை நாளும் அவனுக்கு வேண்டும். அது இசக்கிசெல்விக்கு மட்டும்தான் புரிந்தது.

தூத்துக்குடிப் பக்கத்தில் தசராவுக்கு மாலை போட்டவனை ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பால்குடி மறக்காத பிள்ளையாக இருந்தாலும் 'சாமி'தான். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். பெற்ற தகப்பன்கூட அதட்ட மாட்டான். அவன் மேல் கைவைத்தால் கை விளங்காமல் போகும் என்பதை ரவுடிப் பயல்களும் நம்பினார்கள்.

சுயம்புவும் நம்பினான். அவன் பன்னிரண்டாம் வகுப்பு, இசக்கிசெல்வியின் பக்கத்து செக்‌ஷன். தசராக் குழு நடத்துகிற பால்துரை அண்ணாச்சியின் மகன். பள்ளிக்கூடம் திறந்த புதிதில், "உங்கப்பன் கடையில இருந்து ஒரு சிகரெட் பாக்கெட் எடுத்துட்டு வால" என்று சங்கரபாண்டியனிடம் கேட்டான். "பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு எங்கப்பா சிகரெட்டு கொடுக்க மாட்டாவ. வேணும்னா தேன்மிட்டாய் வாங்கித் தாரேன்" என்று இவன் வெள்ளந்தியாகச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் சங்கரபாண்டியன் அன்றிலிருந்து அடி வாங்கினான்.

முதலில் பிடரியில் தட்டினார்கள். பிறகு கக்கூஸ் தொட்டியில் தலையை அமுக்கினார்கள். மூச்சுக்குத் தவித்துக் கால் உதறும்போது வெளியே இழுத்து, "தேன்மிட்டாய் இனிக்கா?" என்று கேட்டு மறுபடி அமுக்கினார்கள். அணைந்த பீடித் துண்டுகளை வாயில் திணித்து, மென்று விழுங்கினால்தான் விட்டார்கள். பெல்ட்டின் பக்கிள் பக்கத்தால் அடித்தார்கள். முகத்தில் மட்டும் காயம் படாமல் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் அவன், பந்து விளையாடும்போது விழுந்தேன் என்று சொல்லிவந்தான். ஒருநாள் அவன் வாந்தி எடுத்ததில் பீடித் தாள் கிடந்ததைக் கண்டபிறகுதான் இசக்கிசெல்வி கதவைச் சாத்திவைத்துக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்து, "அம்மாட்ட சொல்லிராதக்கா" என்றான்.

மாலை போட்டு, வெறுங்காலோடு அவன் பள்ளிக்கூடம் போன முதல் நாள் அவளும் கூடவே போனாள். சைக்கிள் ஸ்டாண்டில் சுயம்புவும் அவன் கூட்டாளிகளும் நின்றார்கள். பழக்க தோஷத்தில் சுயம்புவின் கை சங்கரபாண்டியனின் பிடரியை நோக்கி வந்தது. சட்டைக் காலருக்குள் மாலையைக் கண்டதும் நின்றது. சூடு பட்டவன்போலக் கையை இழுத்துக்கொண்டான்.

"ஏலே, சாமிடா" என்று கூட்டாளிகளிடம் சொன்னான். கைகூப்பிக் கும்பிட்டு வழிவிட்டான். அவள் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அது அடுத்த அடி எடுத்துவைக்கும் வரைக்கும்தான்.

"என்னைக்கு இருந்தாலும் தசரா முடிஞ்சு காப்பு அறுத்துத்தான் ஆவணும்" என்றான் சுயம்பு, கும்பிட்ட கையை எடுக்காமலே. "அதுவர பாக்கி சேரட்டும் சாமி. மொத்தமாத் தீத்துக்கலாம்."

கூட்டாளிகள் 'ஓம் காளி, ஜெய் காளி' என்று கோஷம் போட்டார்கள்.

அடிக்கிற கை சும்மா இருக்குமா? மறுவாரமே அது பெவின் மேல் திரும்பியது. பெவின் சங்கரபாண்டியனோடு ஒரே பெஞ்சில் இருக்கிறவன், திரேஸ்புரத்துப் பையன், கழுத்தில் சிலுவை போட்டவன். அவனைக் கக்கூஸுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, சங்கரபாண்டியனையும் வரவழைத்துப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள்.

"சாமிய அடிக்கக் கூடாது. சாமிக்கு விழ வேண்டியத யாராவது வாங்கணும்லா?" என்றான் சுயம்பு.

பெவினின் வயிற்றில் முழங்காலை ஏற்றினான். அவன் குனிந்தபோது குதிகாலை முதுகில் இறக்கினான். விரல்களைச் சுவரில் வைத்துச் செங்கலால் தட்டினான். ஒவ்வொரு அடிக்கும் சங்கரபாண்டியனைத் திரும்பிப் பார்த்து, "கோவம் வருதா சாமி? கோவப்பட்டா விரதம் முறிஞ்சிரும்" என்றான். சங்கரபாண்டியன் குறுக்கே விழுந்தால், அவனைத் தொடாமல் சுற்றிவந்து மறுபடி பெவினையே அடித்தார்கள்.

அன்று ராத்திரி சங்கரபாண்டியன் நடந்ததை அக்காவிடம் சொன்னான், சோற்றைத் தொடவில்லை. அம்மா அதையும் விரதக் கணக்கில் சேர்த்தாள்.

இசக்கிசெல்வி கடைக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு அம்மாளுக்கு உளுந்து நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"பால்துரை அண்ணாச்சி மவனா? அவரு எவ்வளவு தங்கமான மனுசன். குழுவுல நம்ம பயலுக்குக் காளி வேஷத்தையே குடுத்துருக்காரு. அவரு வீட்டுப் படியேறி இதப் போயிக் கேக்க முடியுமா? சரி, இப்ப அடிக்கானா?"

"இப்ப அடிக்கல. மாலை போட்டிருக்கான்லா."

"பெறவு என்ன? அம்மன் பாத்துக்கிடுவா. விரதக்காரப் பிள்ளைய வச்சுக்கிட்டு வீட்டுல சண்ட சத்தம் கூடாது, போ."

தலைமையாசிரியரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். "இப்ப அடிக்கிறாங்களாம்மா?" சங்கரபாண்டியனின் முதுகுக் காயங்கள் அதற்குள் ஆறிவிட்டிருந்தன. பெவினைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் வீங்கிய விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "விளையாடுனோம் சார்" என்றான். வெளியே வந்ததும் இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்க்காமல், "சாமிக்கு அம்மன் இருக்கா. எனக்கு யாருக்கா இருக்கா?" என்று போய்விட்டான்.

காது கொடுத்துக் கேட்டது ஆதிலக்ஷ்மி டீச்சர் மட்டும்தான். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விடும்போது ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து சைக்கிள் ஸ்டாண்டில் போட்டு உட்கார்ந்து, கடைசிப் பிள்ளை போகிறவரை பரீட்சைப் பேப்பர் திருத்தினார். அவ்வளவுதான் செய்தார். பெவின் மேல் விழுந்த அடி நின்றது. "ஐயரம்மா எத்தன நாளைக்கு உக்காருவா?" என்று சுயம்பு பல்லைக் கடித்தான்.

குலசையில் தசராவுக்குக் கொடியேறியது. அம்மன் கோயிலில் கொடுத்த மஞ்சள் கயிற்றைச் சங்கரபாண்டியன் வலது மணிக்கட்டில் காப்பாகக் கட்டிக்கொண்டான். அப்புறம் வேஷம் கட்டி, மேளத்தோடு வீடுவீடாகப் போய்க் காணிக்கை எடுத்தார்கள். குழுவில் சுயம்புவுக்குப் போலீஸ் வேஷம். அட்டைத் தொப்பியும் லத்தியுமாகக் கூட்டத்தை விலக்கி, காளிக்கு வழி எடுத்துக்கொடுப்பது அவன் வேலை. அதைச் சிரித்த முகமாகச் செய்தான்.

குலசைக்குக் கிளம்புகிற அன்று, பால்துரை அண்ணாச்சி வீட்டு ஷெட்டில் தம்பியின் முகத்துக்கு இசக்கிசெல்வி நீலச்சாயம் பூசினாள். சிவப்புச் சேலை கட்டி, ஜடை வைத்து, அட்டைக் கைகளை முதுகில் இறுக்கிக் கட்டிவிட்டாள். விரதத்தில் அவன் பாதியாக இளைத்திருந்தான். விலா எலும்புகள் விரலில் தட்டின.

அவன் வெளியே வந்ததும் சுயம்புவின் அம்மா ஓடிவந்து நெடுஞ்சாண்கிடையாக அவன் காலில் விழுந்தாள். "தாயே, எம்பிள்ளைக்கு நல்ல புத்தியக் குடு" என்று அழுதாள். அவன் குனிந்து அவள் நெற்றியில் குங்குமம் வைத்தான்.

இசக்கிசெல்வி அவனை ஒதுக்குப்புறமாக இழுத்தாள். "ஏலே, நல்லாக் கேளு. இன்னைக்கு அங்கன மேளம் அடிக்கையில அருள் வந்த மாதிரி ஆடு. பால்துரை அண்ணாச்சி மூஞ்சிக்கு நேரா சுயம்பு பேரச் சொல்லு. தொட்டியில அமுக்குனது, பீடி, பெவின், எல்லாத்தையும் சொல்லு. காளி வாக்கு சொன்னா எவனும் மறுக்க மாட்டான்."

"அம்மன் பேர வச்சுப் பொய் சொல்லச் சொல்லுதியா?"

"பொய் எங்கலே? அம்புட்டும் நடந்ததுதான?"

"நடந்ததுதான். ஆனா அதச் சொல்லுதது நான்தான, அம்மன் இல்லையே." வாயில் கவ்வியிருந்த காளியின் நாக்குத் தகட்டைக் கையில் எடுத்துவிட்டுப் பேசினான். நீலச் சாயத்துக்குள் கண்கள் சிறுபிள்ளைக் கண்களாக இருந்தன. "நான் சொன்னா ஏங்க்கா யாரும் கேக்க மாட்டேங்காவ?"

மேளம் கூப்பிட்டது. அவன் போய்விட்டான். குலசைக் கடற்கரையில் அம்மன் சூரனை வதம் பண்ணினாள். லட்சம் பேர் அலறினார்கள். அவன் ஆடினான், அழுதான், ஒரு பேரும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் கோயில் வாசலில் காப்பு அறுத்தார்கள். வரிசையில் சங்கரபாண்டியனின் முறை வந்ததும் அவன் மணிக்கட்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான்.

"இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும்பா. அடுத்த வருசத்துக்கும் சேத்து இப்பமே இருக்கேன்."

"கோட்டிக்காரா, கைய நீட்டு. பின்னால எத்தன பேரு நிக்காவ!"

"அப்பா, வேண்டாம்பா."

"அப்பா, அவன விட்டுருங்க!" என்று இசக்கிசெல்வி அவர் கையைப் பிடித்தாள். "காப்ப அறுத்தா அவனக் கொன்னுருவானுவப்பா!"

கோயில் வாசலில் அந்தச் சொல்லைச் சொன்னதற்கு அம்மா அவள் வாயிலேயே அடித்தாள். உதடு கிழிந்தது. அப்பா மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மணிக்கட்டைப் பூசாரியிடம் நீட்டினார். "பிள்ளைக்கு அம்மன விட்டுப் பிரிய மனசு வரல" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். கயிறு அறுந்தது. கொஞ்சம் தள்ளி, அட்டைத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுயம்பு பார்த்துக்கொண்டு நின்றான்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று இசக்கிசெல்வி தம்பியைத் தன் கண்ணுக்குள்ளேயே வைத்திருந்தாள். இடைவேளைக்கு இடைவேளை அவன் வகுப்பு வாசலில் போய் நின்றாள். "சாயந்தரம் டீச்சர் நாக்காலிப் பக்கத்துல போயி நின்னுக்கோ. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள். கடைசி மணி அடித்தபோது அவள் லேபில் இருந்தாள். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். சைக்கிள் ஸ்டாண்டில் நாற்காலி இல்லை. ஆதிலக்ஷ்மி டீச்சரைப் பயிற்சி வகுப்புக்குப் பாளையங்கோட்டைக்கு அனுப்பியிருந்தார்கள். அதைப் பிள்ளைகளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிகிற சத்தம். நடுவே, "பாக்கி, மக்கா, பாக்கி!" என்று சுயம்புவின் குரல்.

அவள் அங்கே போய்ச் சேருவதற்குள் நடந்ததைப் பின்னால் பெவின்தான் சொன்னான். இரண்டு பேர் சங்கரபாண்டியனின் கைகளைப் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சுயம்பு சைக்கிள் செயினை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு அடித்தான். இந்தத் தடவை முகத்தைத் தப்பவிடவில்லை. காதோரம் கிழிந்தது. முன்பல் உடைந்து சட்டையில் விழுந்தது. விழுந்தவனின் மார்பில் ஏறி நின்று, "அருள் வரட்டும், ஆடு சாமி" என்றான். பிறகு பீடித் துண்டுகளை எடுத்துக் குனிந்தபோது, சங்கரபாண்டியன் அவன் கையைக் கடித்துவிட்டு உருண்டு எழுந்தான். மதில் உடைந்திருந்த இடம் வழியாக வெளியே ஓடினான்.

இசக்கிசெல்வி கண்டது அதற்குப் பிறகு உள்ளதை. கிழிந்த சட்டை, ஒரு பக்கம் முழுக்க ரத்தம், வாயைத் திறந்தபடி ஓடுகிற தம்பி. அவன் பின்னால் செயினைச் சுழற்றிக்கொண்டு சுயம்பு. அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். "ஏலே சங்கரா, நில்லுல! ரோடுடா!" என்று கத்தினாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பார்த்தபடியே துறைமுகச் சாலையில் கால் வைத்தான்.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி. பிரேக் போட்ட சத்தம் அலறலாகக் கேட்டது. டயர் கருகிய நாற்றம் அவள் மூக்கை அடைவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

லாரி நின்றது. டிரைவர் குதித்திறங்கிச் சக்கரத்துக்கு அடியில் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். மனுவேல் என்று பேர். ஓடிப் போயிருந்தால் போயிருக்கலாம். அவர் ஓடவில்லை.

கூட்டம் கூட எவ்வளவு நேரம் ஆகும்? டீக்கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், பைக்கில் போனவர்கள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைய ஏத்திக் கொன்னுட்டான்!" முதல் உதை யாருடையது என்று தெரியாது. அப்புறம் எல்லாரும் உதைத்தார்கள். ஹெல்மெட்டால் மண்டையில் அடித்தார்கள். காலைப் பிடித்துத் தார்ச்சாலையில் இழுத்தார்கள். மனுவேல் கையால் முகத்தை மூடினார், கையையும் மிதித்தார்கள். கடை பக்கம்தான். செய்தி கேட்டு விஜயராஜ் ஓடிவந்தார். சக்கரத்துக்கு அடியில் ஒருதரம் குனிந்து பார்த்தார். பிறகு லாரிக்குள் கைவிட்டுச் சக்கரம் கழற்றுகிற பானாவை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தார். மனுவேலின் தோளெலும்பு முறிகிற சத்தம் இசக்கிசெல்விக்குக் கேட்டது.

தம்பியின் அருகில் மண்டியிட்டிருந்தவள் தலையை உயர்த்தியபோது அதைக் கண்டாள். டிரைவரை மிதிக்கிறவர்களில் எல்லாரையும்விட உரக்கக் கத்திக்கொண்டு, எல்லாரையும்விட ஓங்கி மிதித்துக்கொண்டு சுயம்பு நின்றான். "எங்க ஸ்கூல் பையனடா! கொன்னுட்டியேடா நாயே!" வாயோரம் நுரை தள்ளியிருந்தது. கையில் செயின் இல்லை.

அவள் எழுந்து ஓடினாள். கால்களுக்கு நடுவே புகுந்து மனுவேலின் மேல் கவிழ்ந்து விழுந்தாள். அவருக்கு விழுந்த உதை ஒன்று அவள் விலாவில் விழுந்தது.

"இவருல்ல! இவருல்ல! அப்பா, இவருல்லப்பா!"

"ஏளா, எந்திரி!" அப்பாவின் பானா தலைக்கு மேலே நின்றது.

அவளுக்கு அடியிலிருந்து மனுவேல் ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினார். "அண்ணாச்சி, உங்க பிள்ள தானா வரல. விரட்டுனானுவ, அண்ணாச்சி. நாலு பேரு. ஒருத்தன் கையில சங்கிலி. எனக்கும் பிள்ளையள் இருக்கு அண்ணாச்சி…"

"பொய் சொல்லுதான்! தப்பிக்கப் பாக்கான்!" என்று சுயம்பு மறுபடி காலை ஓங்கினான்.

அப்போது கூட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு குரல் உடைந்து வந்தது. "அவன்தான் விரட்டுனான்." பெவின். அழுதுகொண்டே, பிள்ளைகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "சுயம்புதான் அடிச்சான். நான் பாத்தேன். அன்னைக்கு என் கையயும் அவன்தான் செங்கல்லால அடிச்சான். ஹெச்செம் சார்ட்ட நான் பொய் சொன்னேன். சங்கிலி அந்தச் சாக்கடையில கெடக்கு, இப்பதான் எறிஞ்சான்."

ஓர் ஆட்டோக்காரர் சாக்கடைக்குள் கையை விட்டார். செயின் வந்தது. அதில் நூலும் முடியும் ஒட்டியிருந்தன.

கூட்டம் ஓசையில்லாமல் திரும்பியது. சுயம்பு பின்வாங்கினான், லாரிச் சக்கரம் முதுகில் இடித்தது. விஜயராஜ் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தரையில் தள்ளி, கழுத்தில் முழங்காலை வைத்தார். பானாவை இரண்டு கையாலும் தூக்கினார். "அடிங்க அண்ணாச்சி!" என்றது ஒரு குரல். "நடுமண்டையில போடுங்க!"

சுயம்புவின் கால்சட்டை நனைந்தது. "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்ற ஒரே சொல் வந்தது.

இத்தனை மாதமும் படுக்கையில் கண்ணை மூடினால் இசக்கிசெல்வி பார்த்த காட்சி இதுதான். அவன் இப்படிக் கிடக்க வேண்டும், யாராவது இப்படித் தூக்கி அடிக்க வேண்டும். இப்போது அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் சும்மா இருந்தால் போதும்.

எழுந்துபோய்ப் பானாவைப் பிடித்தாள்.

"விடுளா!"

"விட மாட்டேன். இவனும் செத்துட்டா தம்பி ரோட்டுல குறுக்க ஓடிச் செத்தான்னு போலீஸ்ல எழுதிருவாவ. நீங்க ஜெயிலுக்குப் போவீங்க. இவன் உயிரோட வேணும்பா. இவன் வாயால சொல்லணும்."

"எம்பிள்ளைய… எம்பிள்ளைய…"

"நான் முன்னாடியே உங்கட்ட சொன்னேம்பா" என்றாள். அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவருக்கு மட்டும் கேட்டது. பானாவைத் தூக்கிய கைகள் சற்றுத் தளர்ந்தன.

அவள் பிடியை விடாமலே குனிந்தாள். "சொல்லு. இத்தன பேரு முன்னால சொல்லு. யாரு விரட்டுனா?"

சுயம்புவின் உதடுகள் அசைந்தன.

"சத்தமா."

"நான்தான்."

"எதுக்கு?"

அவன் அவளைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். உண்மையிலேயே யோசிக்கிறவன்போல நெற்றி சுருங்கியது. தேடியும் கிடைக்காதவன் முகம்.

"சும்மாதான்" என்றான்.

அப்பாவின் கைகள் மறுபடி உயர்ந்தன. இசக்கிசெல்வி தன் முழு எடையையும் அவற்றில் தொங்கவிட்டாள்.